மொட்டைத் தலையைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை

சாரல் தொடங்கியதும் தென்காசியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன். மெயினருவியில் குளித்துவிட்டு வரும்போது, ஈர வேட்டியோடு ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலை, மீசையும் இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. சினிமாவில் எங்களைச் சிரிக்க வைக்கிற நகைச்சுவை நடிகர்!

“சார், புதுப் படத்துக்குக் கெட்டப்பா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க” என்றார்.

“படத்துல ஒரு முழி முழிப்பீங்கல்லா சார், பிள்ளைக்காக ஒரு தடவை செய்யுங்க” என்று செல்போனை நீட்டினேன். செய்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார்.

அவரைக் காரில் அழைத்து வந்திருந்த பாவூர்சத்திரத்து டிரைவர் என் பக்கத்தில் வந்தார்.

“என்ன அண்ணாச்சி நீங்க! அவுக அம்மா அஸ்தியை இப்பதான் கரைச்சிட்டு வாராவ.”

போன வருஷம் என் அம்மா இறந்தபோது நானும் மீசையை எடுத்து மொட்டை போட்டிருந்தேன். அப்போது தெருவில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்ததுமே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது எவ்வளவு பிரபலமானவரைப் பார்த்தாலும் செல்போனை எடுப்பதில்லை. முதலில் முகத்தைப் பார்க்கிறேன்.

அந்த வீடியோவை அழிக்க மகள் விடவில்லை. அவள் அதைப் போட்டுச் சிரிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.