குழாய்ப் பாட்டு

காலையில் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் குழாய்ப் பாட்டைப் பாடினேன். "இதோட அசல் பாட்டு எப்படிப்பா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

கண்ணுகளா, அந்த மெட்டு உங்கள் தாத்தா போட்டது. திருநெல்வேலியிலிருந்து திருப்பூர் வந்த புதிதில், பனியன் கம்பெனியில் தைத்தபடியே, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் பவனிக்காக முணுமுணுத்து முணுமுணுத்துக் கட்டிய பாட்டு. எனக்கு அப்போது பத்து வயது. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர். "குழாயே குழாயே எப்ப வருவ, குடமெல்லாம் காயுதே எப்பத் தருவ" என்று அதே மெட்டில் பாடினேன். சில நாளில் லைன் முழுக்க அதுதான்.

பவனியன்று சாயங்காலம் எங்கள் லைன் வாசலில் அப்பா கண்ணை மூடி முதல் வரியை எடுத்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஏனுங்க, குழாய்ப் பாட்டுங்களா? பாடுங்க, பாடுங்க!" என்றார் லைனை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர்.

அப்பாவால் நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அவர் கை என் தோளில் இருந்தது. எனக்கும் ஓட வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும், "யாருல மாத்திப் பாடுனது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"நல்லாத்தாம்ல இருக்கு" என்றார். அதன்பிறகு அந்தப் பாட்டை அவர் பாடவே இல்லை. நான்தான் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவும் இல்லை.

இன்று முழுக்க அவருடைய முதல் வரியை நினைவில் தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குழாய்தான் குறுக்கே வந்து நிற்கிறது.