கேரியர் மெத்தை

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் வாசனை மூக்கில் ஏறினால், இன்றும் எனக்கு ராமேஸ்வரம் போக வேண்டும்போல் இருக்கும். சிரிக்காதீர்கள். போன வாரம் கோவில்பட்டியில், எட்டயபுரம் சாலை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. சைக்கிளில் தனியாக ஊர் சுற்றும் சேலத்துப் பெண் ஒருத்தி, கடை நிழலில் டியூபைக் கழற்றிப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கியர் சைக்கிள். ஏறியிருந்தது நம் ஊர் வேலிக்கருவை முள்.

"டயருக்குள்ள பழைய டயரை வெட்டி வச்சிருந்தா ஏறியிருக்காதும்மா" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அது என் யோசனையும் இல்லை, செல்லையாவுடையது. நானும் அவனும் இங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தோம். நான் பில் போடுவேன். அவன் லாரியில் பண்டல் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்வான். நாகலாபுரத்துக்குப் பக்கம் அவன் ஊர். கல்யாணமாகாத இரண்டு பேர், ஆளுக்கொரு ஓட்டைச் சைக்கிள். திடீரென்று ஒருநாள் தனுஷ்கோடிவரை மிதித்துப் போவோம் என்றான். பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டேன்.

"பஸ்ல போனா ராமேஸ்வரத்தைத்தாம்லே பாப்ப. சைக்கிள்ல போனா நடுவுல உள்ள ஊரு பூராம் பாக்கலாம்லா."

இரண்டு சைக்கிளில் ஒன்றுகூட அத்தனை தூரம் தாங்காது. ஆகவே இரண்டையும் பிரித்து ஒன்றாக்கினோம். பிரேமும் ஹேண்டில்பாரும் அவனுடையவை. சக்கரங்கள் என்னுடையவை. பெல்லும் என்னுடையதுதான், ஆனால் அடிக்காது. வேலை முடிந்த சாயங்காலங்களில் கையெல்லாம் கிரீஸும் பஞ்சர் சொல்யூஷனும். ஒருவன் மிதிக்க, ஒருவன் பின்னால் உட்கார வேண்டும் அல்லவா? வீட்டிலிருந்து பருத்தி கொண்டுவந்து, சாக்கில் திணித்து, கோணி ஊசியால் தைத்து, கேரியருக்கு ஒரு மெத்தை போட்டான். முதலில் அதில் யார் உட்காருவது என்று சண்டைகூடப் போட்டோம். லாரி டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு வழி மனப்பாடம். எங்கே நல்ல தண்ணீர், எந்தக் கோயில் மண்டபத்தில் படுக்க விடுவார்கள், எல்லாம்.

ஆபீஸ் மூடுவது தீபாவளிக்குத்தான். ஐப்பசி மாதம். மழை பெய்தால் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரம் சுற்றாதே, கழற்றிவிடுவோமா என்று கேட்டேன்.

"மழையா? எந்தக் காலத்துலலே இருக்க நீ?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வருஷங்களில் வானம் எங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. மட்கார்டு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை கிளம்ப வேண்டும் என்று தீபாவளியன்றே அவன் ஊருக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பிடித்தது மழை. அப்படியொரு மழை. வெடியை விட்டுவிட்டு ஊரே தெருவில் நின்று நனைந்தது. கரிசல்காட்டில் பிறந்து மழையைத் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விடிந்ததும் கிளம்பினோம். பத்தடிகூட உருளவில்லை, சக்கரம் இறுகிவிட்டது. எங்களைச் சுமக்க வேண்டிய சைக்கிளைச் செல்லையா தோளில் தூக்கிக்கொண்டான். தார்ச்சாலைக்கு வந்து குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தோம். சக்கரம் சுற்றியது. நனைந்த சாலை ஆளில்லாமல் கிடந்தது. நான் மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உழுதுபோட்ட காட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாப்ளே, ரெண்டு நாள்ல ஈரம் பதத்துக்கு வந்துரும். வெதைக்கணும்லே. எங்கய்யா ஒத்தையில கெடந்து சீரழிவாவ."

நான் மெத்தையிலிருந்து இறங்கினேன்.

"ராமேஸ்வரம் எங்கன ஓடிப் போவப்போவுது? அடுத்த வருசம் போவோம்" என்றான். மெத்தையை அவிழ்த்து என்னிடம் தந்தான். "நனையாம வச்சிரு."

சைக்கிளை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனான். நான் மெத்தையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

விதைத்த உளுந்து ஒரு சாண் வளர்ந்தது. அதன்பின் ஒரு துளி இல்லை. எல்லாம் கருகிற்று. அடுத்த தீபாவளி வருவதற்குள் அவன் மும்பைக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் பேசுவோம், "அடுத்த வருசம்" என்போம். அந்த வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது. இடையில் ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு எத்தனையோ தடவை காரில் போய்வந்துவிட்டேன். சைக்கிள் பழைய இரும்புக்குப் போயிற்று. மெத்தை வீடு மாற்றியதில் எங்கே தொலைந்ததோ. போன வருஷம் செல்லையா மும்பையிலேயே இறந்துபோனான். காரியமெல்லாம் அங்கேயே முடிந்தபிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. ஒரு தடவையாவது சேர்ந்து மிதித்துப் போயிருக்கலாம். அவ்வளவுதான் என் வருத்தம். ஆனால் அது ஆறவில்லை.

அந்தப் பெண் காற்றடித்து முடித்து, தனுஷ்கோடிக்கு வழி கேட்டாள். விளாத்திகுளம், வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"சூப்பர் அங்கிள்! சைக்கிள்ல போயிருக்கீங்களா?"

"இல்லம்மா. நானும் கூட்டாளியும் கிளம்புனோம். மழை பேஞ்சிட்டு."

"ஐயோ, மழைக்குப் பயந்தா நின்னுட்டீங்க?" என்று சிரித்தாள்.

செல்லையா இருந்திருந்தால் அவளுக்குப் பதில் சொல்லியிருப்பான். கையசைத்துவிட்டு அவள் எட்டயபுரம் பக்கம் மிதித்துப் போனாள். சைக்கிளின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பைகளை அழகாகக் கட்டியிருந்தாள். இன்னொரு ஆள் உட்கார அதில் இடமே இல்லை.