ஷோகேஸில் வைத்த ஜீப்

போன வாரம் கம்பம் போயிருந்தேன். போட்டோகிராபர் ஞானராஜின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா படியேறி வந்து வாசலிலேயே நின்றார். நாற்பது வயது இருக்கும்.

"பத்திரிகையில எழுதுனவுக இவுகதானா?" என்று ஞானராஜிடம் கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. முன்பின் தெரியாத ஒருவர் தேடிவந்து விசாரித்தால் எந்த எழுத்தாளனுக்குத்தான் கசக்கும்? ஞானராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் ஞானராஜைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்பத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். ஏற்றி என்பது மரியாதைக்குச் சொல்வது — அடைத்து. பத்துப் பேர் போகிற வண்டியில் இருபது பேர். இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கத்துப் படியில் தொற்றிக்கொண்டு போவார்கள். மழைக்காலத்தில் ஒரு ஜீப் வளைவில் உருண்டது. நாலு பேர் போய்விட்டார்கள்.

இந்த மாதிரி விபத்தென்றால் படமெடுக்க போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஞானராஜைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எடுத்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"செத்தபெறகு எடுத்து என்னண்ணே பிரயோசனம்? உசுரோட இருக்கையில எடுக்கணும்" என்றார் என்னிடம்.

எடுத்தார். மலைப்பாதையில் ஒரு வளைவில் காத்துக்கிடந்து... ஜீப்பின் பின்னால் ஆறு பெண்கள் தொங்கிக்கொண்டு போகும் கறுப்பு வெள்ளைப் படம். அத்தனை துல்லியம். "மூக்குத்திகூட படத்துல விழுந்திருக்கு, பாத்தீகளா?" என்று அவர் காட்டியபோது அசந்துபோனேன்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஷோகேஸில் வையுங்கள் என்று யோசனை சொன்னது யார்? சாட்சாத் நான்தான்.

கல்யாண ஜோடி, மொட்டை போட்ட குழந்தை, பட்டம் வாங்கிய பையன் — இவர்களுக்கு நடுவில் அந்த ஜீப். ஊரே நின்று பார்த்தது. போலீஸ் ஒரு வாரம் வண்டிகளை மறித்து ஆளைக் குறைத்தது. ஒரு கேமரா ஒரு மலைப்பாதையைத் திருத்திவிட்டது என்று நானும் எழுதித் தள்ளினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அன்றைக்கு ஸ்டுடியோவில்தான் தெரிந்தது.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஷோகேஸ் முன்னால் வந்து நின்று, படத்தைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். ஆறு முகமும் அவருக்குத் தெரிந்த முகம். மறுநாள் ஜீப்பில் அந்த ஆறு பேரை மட்டும் ஏற்றவில்லை. "போட்டோவுக்குத்தான நின்னீக? போட்டோக்காரன் வண்டி வாங்கிட்டு வருவான், அதுல போங்க" என்றாராம். மற்ற கங்காணிகளுக்கும் சொல்லிவைத்துவிட்டார்.

வாசலில் நின்றவர் அந்த ஆறு பேரில் ஒருவர். பேச்சியம்மா.

"படத்த அன்னைக்கே ஷோகேஸ்லருந்து எடுத்துட்டேண்ணே. கங்காணி வீட்டுக்கு நாலு தடவ போயிட்டேன். வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டான்" என்றார் ஞானராஜ், என் முகத்தைப் பார்க்காமல்.

சரி... ஜீப்பிலாவது ஆள் குறைந்ததா? அதையும் கேட்டேன். பழையபடி இருபதுதானாம். ஒரே ஒரு சீர்திருத்தம் நடந்திருக்கிறது. படியில் தொற்றி நின்றவர்களையும் இப்போது உள்ளே திணித்து, பின்பக்கம் தார்ப்பாய் கட்டி மூடிவிடுகிறார்கள். இனி எந்த கேமராவிலும் எதுவும் விழாது.

கலைஞன் நினைத்தால் சமுதாயத்தைப் புரட்டிப் போடலாம் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். புரட்டும்போது அடியில் சிக்கிக்கொள்வது யார் என்று ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. படத்தால் ஞானராஜுக்குப் பேர் வந்தது. கட்டுரையால் எனக்குப் பாராட்டு வந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. இப்போதும் இருக்கிறது.

"எங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக. கோவமெல்லாம் இல்லைய்யா" என்றார் பேச்சியம்மா. "திராட்சத் தோட்டத்துல கூப்பிட்டா வேல, இல்லாட்டி இல்ல. எத்தன நாளைக்கு ஓட்டுறது? மூத்தவள பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திட்டு, எனக்குப் பதிலா அவள அனுப்புறேன்."

"எங்கே?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அதே ஜீப்புலதான்."

ஞானராஜ் எழுந்து உள்ளே இருட்டறைக்குள் போய்விட்டார்.

"ஒரு ஒத்தாச செய்யணும்ய்யா. அந்தப் படத்துல நிக்கிறது பேச்சியம்மா இல்ல, வேற ஆளுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. என்னைய ஏத்திக்கிட்டா அவள மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவேன். நீங்க எழுதுனா நம்புவாக."

நம்புவார்களா? கங்காணிக்குக் கண் இல்லையா என்ன? ஆனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இத்தனை வருஷம் எழுதியதில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடியது அந்த ஒரு வரிதான்... அது பொய்.