காற்றுப் பிரியும் வரை

என் அண்ணி அறுவை சிகிச்சை வார்டில் தலைமை நர்ஸ். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நோயாளிகள் முனகுவதை நிறுத்திவிடுவார்கள். ஆபரேஷன் முடிந்த யாரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" பிரியவில்லை என்றால் குடல் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் பிரிந்துவிட்டதாகப் பொய் சொல்லிப் பார்த்தார். அண்ணி அவர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அவர் கையிலிருந்த காபியைப் பிடுங்கித் தானே குடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். அண்ணன் தையல்காரர். முன்னறையில் மிஷின், வெட்டும் மேஜை, உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசி. அந்த ஊசி தொழிலுக்கா, அண்ணிக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கவா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் மாடியில் குடியிருக்கிற நாத்தனார். படியிறங்கினால் போதும், எனக்கு வேறு பொழுதுபோக்கு தேவையில்லை.

அவர்கள் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது ஒரு கினிப்பன்றியை விட்டுவிட்டுப் போனாள். பெயரில்தான் பன்றி. பார்க்க, வாலை மறந்து பிறந்த எலி மாதிரி இருக்கும். அண்ணன் அதற்குப் பொட்டலம் என்று பெயர் வைத்தார். வெட்டும் மேஜைக்கடியில் அதன் கூண்டு. நாள் முழுக்க அது காய்ந்த புல்லை மென்றுகொண்டிருக்கும், அண்ணன் துணி வெட்டுவார், நடுநடுவே இருவரும் பேசிக்கொள்வார்கள். என் அண்ணன் முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அந்தக் கூண்டுக்கு முன்னால்தான்.

அந்தப் பொட்டலத்துக்கு மூத்திரப்பையில் கல். ஒரு நாள் காலையில் ஆபரேஷன் செய்து கல்லை எடுத்தார்கள். மிருக டாக்டர் சின்னப் பெண், கல்லூரி முடித்த களை இன்னும் முகத்திலிருந்து போகவில்லை. ஒரு பாக்கெட் புல் மாவும், ஊசியில்லாத சிரிஞ்சும், கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்தாள். "வீட்டுக்குப் போனதும் தண்ணில கரைச்சு ஊட்டிடுங்க. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம். எவ்வளவு உள்ள போச்சு, எத்தனை புழுக்கை வெளிய வந்துச்சு, எல்லாம் இதுல எழுதுங்க."

அண்ணி தலையாட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "வயித்தைக் கிழிச்சு ரெண்டு மணி நேரம் ஆகல, ஊட்டணுமாம். நேத்து வந்த பொண்ணு. நான் எத்தனை வயித்தைப் பாத்திருக்கேன்!"

வீட்டுக்கு வந்ததும் கூண்டிலிருந்த புல்லை மொத்தமாக அள்ளினார். அண்ணன் ஒளித்துவைத்து நீட்டிய கொத்தமல்லித் தழையும் பறிமுதல் ஆனது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ரோமம் மழித்த அந்தச் சின்ன வயிற்றில் வைத்தார்.

"காத்து பிரியல. ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"டாக்டர் குடுக்கச் சொன்னாங்களே..." என்று அண்ணன் இழுத்தார்.

"நான் சொல்றேன்ல?"

அண்ணன் குண்டூசியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் இறங்கி வந்தபோது பொட்டலம் கூண்டின் மூலையில் உப்பிப் போய்க் குந்தியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், சத்தமே இல்லை. தையல் மிஷினில் ஒரு பாவாடை பாதித் தையலில் நின்றது. அண்ணன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூவரும் கிளம்பினோம். வண்டியில் அண்ணி பையிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்தார். முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்து, கடகடவென்று நிரப்பினார். மூன்று மணி, பத்து மில்லி. ஆறு மணி, பத்து மில்லி. ஒன்பது மணி, பன்னிரண்டு மில்லி. என்ன அழகான கையெழுத்து! ஷிப்ட் முடிகிற நேரத்தில் காலிக் கட்டங்களைப் பார்த்தால் அந்தக் கை தானாகவே எழுதும் போலிருக்கிறது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். தாளை ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, இவ்வளவு உள்ள போயிருக்கு. ஒரு புழுக்கைகூட வரலையா?"

"வரல."

"அப்ப குடல்ல எங்கேயோ அடைப்பு. திரும்பவும் திறந்துதான் பாக்கணும். இந்த நிலைமையில பிழைக்கிறது கஷ்டம். சார், இந்தச் சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் பேனாவை வாங்கினார். ஒரு கணம் அண்ணியைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை, கேட்கிற பார்வைகூட இல்லை. சும்மா பார்த்தார், பிறகு பத்திரத்தில் குனிந்தார்.

"இருங்க" என்றார் அண்ணி.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"ஒண்ணும் ஊட்டல டாக்டர். நேத்து மதியத்துலேருந்து ஒண்ணுமே குடுக்கல. புல்லையும் நான்தான் எடுத்தேன். இந்தக் கட்டத்துல இருக்கறதெல்லாம் வண்டியில வரும்போது எழுதினது."

டாக்டர் கட்டம் போட்ட தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நீங்க நர்ஸ்தானேம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். வார்டே நடுங்குகிற என் அண்ணி, டோக்கனைத் தொலைத்த ஆள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுங்க மனுஷங்க மாதிரி இல்லம்மா. எப்பவும் மென்னுக்கிட்டே இருக்கணும். வயிறு காலியா கிடந்தா குடல் நின்னுடும், அப்புறம் உயிரும் நின்னுடும்" என்றாள் டாக்டர். படம் எடுத்துப் பார்த்ததில் அடைப்பு இல்லை. குடல் அசைய ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து போட்டு அனுப்பினாள்.

வீட்டில் அண்ணிதான் முதலில் சிரிஞ்சை எடுத்தார். வார்டுக் குரலில் "முழுங்கு! ம், முழுங்கு!" என்று அதட்டினார். அந்த நீதிபதிக்கு இல்லாத தைரியம் பொட்டலத்துக்கு இருந்தது. பச்சைக் கூழை அண்ணியின் கண்ணாடியிலேயே துப்பியது. அண்ணன் உதட்டிலிருந்து ஊசியை எடுத்து மேஜையில் வைத்தார். பொட்டலத்தை ஒரு வெட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முன்பல்லு மேல தள்ளாதே. வாயோரமா கொஞ்சம் விடு. அது மெல்லட்டும். அப்புறம் அடுத்தது." அண்ணி அப்படியே செய்தார். அண்ணன் சொல்லி அண்ணி செய்ததை நான் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் நம்பப் போவதில்லை.

மறுநாள் இரண்டு புழுக்கை, கடுகு மாதிரி. அண்ணி அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார். ஆனாலும் அது தானாக ஒரு புல்லைத் தொடவில்லை. சமையலறைத் தராசில் எடை இறங்கிக்கொண்டே போனது. தானாகத் தின்றால்தான் பிழைப்பது உறுதி என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அண்ணி வார்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூண்டு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். நான் கீழே வந்தபோது அண்ணி போனில் கத்திக்கொண்டிருந்தார். "தின்னுச்சு டாக்டர்! தானா ஒரு புல்லை இழுத்துச்சு, முழுசாத் தின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. நான் பாத்தேன்!"

ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் நிதானமாக வந்தது. "சார் பாத்தாரா?"

"இல்ல, நான்..."

"சார்கிட்ட குடுங்கம்மா."

அண்ணன் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி போனை நீட்டினார். முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. கூண்டில் பொட்டலம் தூங்கிக்கொண்டிருந்தது. அது தின்றதற்கு வேறு சாட்சி இல்லை.

"சார், அது தானா சாப்பிட்டுச்சா? இல்லைன்னா மருந்தை நிறுத்த முடியாது. நிச்சயமாத் தெரியணும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார்.

"நான் பாக்கல டாக்டர். ஆனா அவ பாத்தேன்னு சொல்றா. அவ சொன்னா சரிதான்."

அண்ணி சட்டென்று என் பக்கம் திரும்பினார். "என்னடி வேடிக்கை இங்க? மேல போய் வேலையைப் பாரு!" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.