வந்த வழியே ஓடுகிறவர்கள்

உட்காருவதற்கு முன் உணவகத்தின் பின்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வருகிறார் என் அக்கா. கதவு திறந்தால்தான் மேசைக்கு வருவார். இல்லையென்றால் எல்லோரும் எழுந்து வேறு கடை பார்க்க வேண்டும். பசியோடு இப்படி மூன்று கடை ஏறி இறங்கிய அன்று அத்தான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அலுவலகத்தில் அவருக்குக் 'கதவு மேடம்' என்று பெயர். இங்கே நடக்கவிருக்கும் சர்வதேசப் போட்டிக்காக, அறுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கின் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறார். வெடிகுண்டு, துப்பாக்கியெல்லாம் வேறு ஆட்களின் பாடு. அக்கா பார்ப்பது கூட்டத்தை. ஏதாவது நடந்தால் அத்தனை பேரும் எட்டு நிமிடத்தில் வெளியே வந்தாக வேண்டும். வந்துவிடுவார்கள் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

தெருவில் நடக்கும்போது அவர் கண் யார் முகத்திலும் நிற்பதில்லை, காலுக்குப் போய்விடும். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால், முன்பின் தெரியாதவரையும் நிறுத்திக் கட்டச் சொல்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"நெரிசல் நடந்த எடத்தைப் போய்ப் பாத்திருக்கேன்டா. ஆளுங்களைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. செருப்பு மட்டும் கெடக்கும்."

போன மாதம் ஒத்திகை நடந்தது. மூவாயிரம் பேர் ஆறே நிமிடத்தில் வெளியே வந்தார்கள். மேலதிகாரி கைகுலுக்கினாராம். அக்கா வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் சமையலறையில் நின்றார்.

"அத்தனை பேரும் நம்ம ஸ்டாஃப்டா. கண்ணைக் கட்டி விட்டாலும் கதவு எங்கன்னு அவங்களுக்குத் தெரியும். ஆட்டம் பாக்க வர்ற ஜனத்துக்குத் தெரியுமா?"

அடுத்த ஞாயிறு காலை, அரங்கைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி எங்களையும் தெருக்காரர்கள் முப்பது பேரையும் அழைத்துப் போனார். ஆறாம் வாசல் வழியாக ஏறி உட்கார்ந்தோம். திடீரென்று அபாயமணி அலறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடினேன். எல்லோரும் ஓடினோம். ஆறாம் வாசலின் குறுகிய படியில் முட்டிக்கொண்டு நின்றோம். அத்தானின் முழங்கை என் விலாவில் ஏறியிருந்தது, மூச்சு வரவில்லை.

மேலே அக்கா ஸ்டாப் வாட்சைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் பத்தடி தள்ளி, ஏழாம் வாசல் பச்சை விளக்கோடு விரியத் திறந்து கிடந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீயுமாடா?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாசல்களில் நின்று 'இந்தப் பக்கம்' என்று கையைப் பிடித்து இழுக்க மொத்தம் இருநூறு ஆட்கள் வேண்டும் என்று அக்கா கேட்டார். நாற்பது பேரைத்தான் தந்தார்கள். "மேடம், பேப்பர்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு, எதுக்கு எங்களைப் பயமுறுத்துறீங்க?" என்று மேலதிகாரி சிரித்தாராம். முந்தாநாள் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஏன்க்கா போட்டே?"

"நான் போடலைன்னா வேற ஆள் போட்டுடுவான். இந்த நாப்பது பேரையும் வேண்டாம்னுடுவான்."

அக்கா மகள் பள்ளிக்கூடத்தோடு முதல் ஆட்டத்துக்குப் போகிறாள். பதினேழு வயது. நாற்பது பேரையும் கூட்டம் அதிகம் வரும் வாசல்களில் நிறுத்தியதில், ஆறாம் வாசலுக்கும் ஏழாம் வாசலுக்கும் நடுவில் ஆள் மிஞ்சவில்லை. அவள் இருக்கை அங்கேதான். போகாதே என்று அக்கா வாயெடுத்ததும், "அம்மா, நீ போட்ட திட்டத்துல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டாள்.

இன்று ஆட்டம். அக்கா முன்னதாகவே கிளம்ப வேண்டும். வாசல்படியில் சீருடையோடு மண்டியிட்டு, மகளின் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பின்னாடி பத்தடி. பச்சை விளக்கு. ஏறின படியை மறந்துடு."

"சரிம்மா, கால் வலிக்குது. விடு."

முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகும் அந்தக் காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.