ஸ்பிரிங்குக்குப் பெயின்ட் அடித்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செல்வி காருக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வண்டி அவள் டிபார்ட்மென்ட் — பயம் என் டிபார்ட்மென்ட்!

ஒத்தக்கடையிலிருந்து மேலூருக்குத் தினமும் காரில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். முன்னால் போகிற கிரானைட் லாரிகளிலிருந்து சிந்தும் சில்லுகள் வண்டியின் அடியில் சடசடவென்று அடிக்கும். சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் சொன்னார்: "மேடம், முன்சக்கரத்த ஒட்டியிருக்குற ஸ்பிரிங்கு ரெண்டுலயும் பெயின்ட் பேந்து துரு ஏறுது. தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சிருங்க. விட்டா ஒருநா ஓட்டத்துலயே ஒடிஞ்சு டயரக் கிழிச்சிரும்."

அவ்வளவுதான்... எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீடு திரும்பும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நாமளே அடிச்சிருவோம். இதுக்குப் போயி இம்புட்டுப் பயமா?" என்றாள்.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினாள். இடது சக்கரத்தைக் கழற்றினாள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தாள். ஜாக்கி நின்றது முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில். இருவருக்குமே அது உறைக்கவில்லை.

"ஏங்க, பெயின்ட் டப்பாவத் திறந்து குடுங்க."

மூடியை ஸ்பூனால் நெம்பினேன். ம்ஹூம்... அசையவில்லை.

"இதக்கூடத் திறக்கத் தெரியலையா? குடுங்க இங்க" என்று சலித்தபடி எழுந்து வந்தாள்.

பின்னால் 'கிறீச்' என்றது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி டமாலென்று இறங்கியது.

அவள் கால் நீட்டியிருந்த இடத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் மக் வைத்திருந்தாள். அது அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கால்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பயமா இருக்குங்க..."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என் நெஞ்சு படபடத்ததே, அது வண்டி விழுந்ததற்கா, இதற்கா?

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜலால் பாய் ஓடிவந்தார். "என்னண்ணே, ஒத்த ஜாக்கிய நம்பியா தங்கச்சிய உள்ள உக்கார விட்டீக?" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு தன் ஜாக்கி, பலகை, இரும்பு ஸ்டாண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். மூவருமாக இடது ஸ்பிரிங்குக்குப் பெயின்ட் அடித்து முடித்தோம்.

வீட்டில் ஒருவர் பயந்துகொண்டே இருந்தால்தான் இன்னொருவர் தைரியமாக இருக்க முடிகிறது போல. இருவரும் சேர்ந்து பயந்தால் வீடு தாங்குமா?

வலது பக்கம் இன்னும் பாக்கி. "அத மெக்கானிக் ஷெட்டுலயே விட்டு அடிச்சிருவோமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் சாவியை எடுத்து நீட்டிவிட்டேன்!