எட்டு இல்லாத எண்

நேற்று ஆம்பூர் ஸ்டேஷனில் தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆவாரம்பட்டை வாசனை. பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அது வீட்டு வாசனை. கட்டுக்குக் கட்டு தகரச் சீட்டு, அதில் அச்செண். கீறல் ஒன்றுகூட இல்லை.

கீறல் என்றால் உங்களுக்கு விளங்காது. தோல் பதனிடும் வேலை பார்த்த என் நைனாவுக்கு எழுதத் தெரியாது. ஒன்பதாம் கட்டு என்றால் தோலின் ஓரத்தில் கத்தியால் ஒன்பது கீறல் போடுவார். புதிதாக எண் படித்திருந்த நான் அதை ஒன்பது ஒன்றுகளாக எடுத்துப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று என்று வாசித்துவிட்டேன்.

"ஒம்போதும்மா அது! கோடி இருந்தா நான் இன்னாத்துக்கு சுண்ணாம்புக் குழியில நிக்கிறேன்?"

அசடுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த எண் என்னுடையது. மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடும், முப்பத்தேழால் வகுபடும். ஒன்பதால் வகுத்தால் 12345679. ஒழுங்காக ஏறி வந்து எட்டை மட்டும் தாண்டிக் குதிக்கும். அதைப் பதினெட்டால் பெருக்கினால் எல்லாம் இரண்டு, இருபத்தேழால் பெருக்கினால் எல்லாம் மூன்று. வேர்க்கடலை தின்பது போல, நிறுத்தவே முடியாது.

வேலூர்ப் பள்ளியில் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிந்ததும் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். பெண்களில் கேட்டவள் நான் ஒருத்தி. "உனக்குத் தெரிஞ்சதைப் போட்டுக் காட்டு" என்றார் கணக்கு வாத்தியார். பலகையில் 12345679 என்று எழுதி, பக்கத்தில் ஒன்பதால் பெருக்கல் போட்டேன். விடை எழுதும் முன்பே சாக்குக்கட்டி அவர் கைக்கு மாறிவிட்டது.

"எட்டை முழுங்கிட்டியே! ஒன்னுலேர்ந்து ஒம்பது வரைக்கும் எண்ணத் தெரியல, உனக்குக் கணக்குப் பிரிவு கேக்குதா?"

ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஓர் எட்டை நெருக்கிச் செருகினார்.

"சார், எட்டு வராது. பெருக்கிப் பாருங்க சார்."

"பெருக்கறதா? அதை வூட்ல போய்ப் பண்ணு."

வகுப்பே சிரித்தது. என்னைத் தையல் பிரிவில் போட்டார்கள்.

பிறகு மருந்து கலக்கப் படித்தேன். இன்று ஆஸ்பத்திரியில் எடை, அளவு, விகிதம் எல்லாம் என் பொறுப்பு. நல்ல வேலைதான். நான் கேட்டது அது இல்லை. அவர் தவறியதைக்கூட மன்னிக்கலாம், யாரும் தவறலாம். ஒரே ஒரு தரம் பெருக்கியிருந்தால் ஒன்றுகளுக்கு நடுவே ஒரு பூஜ்யம் வந்து நின்று அவருடைய எட்டைக் காட்டிக் கொடுத்திருக்கும். அவர் பெருக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, போதும் என்று விட்டுவிட்டார். இன்றும் எங்காவது எட்டைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ரயிலில் எதிரே உட்கார்ந்த பெண் அதே பள்ளியில் படிக்கிறாளாம். கணக்குப் பிரிவு எப்படி நடக்கிறது என்று கேட்டேன்.

"அது பசங்களுக்குத்தான்க்கா. பொண்ணுங்களுக்கு எடுத்துட்டாங்க."

"இன்னாத்துக்கு?"

"பொண்ணுங்க யாருமே கேட்டதில்லையாம்க்கா."